நுரைச்சோலைப் புகையை நிலத்துக்கடியில் அனுப்ப ஒரு தொன்னுக்கு எவ்வளவு செலவு, எங்கே குறைக்கலாம்?

குளக்கட்டு (கிளிநொச்சி):
உயர்தர இரசாயன வகுப்பில் இந்தக் கிழமை சுண்ணாம்புத் தண்ணீருக்குள் குழாய் வைத்து ஊதிக் காட்டினேன். சில நொடிகளில் பால் போல வெளுத்துவிட்டது. பின்வாங்கில் இருந்த ஒரு பிள்ளை எழும்பி, "இவ்வளவு லேசாகப் பிடிபடுகிற காபனீரொட்சைட்டை நுரைச்சோலை நிலக்கரி மின்நிலையப் புகைபோக்கியில் ஏன் பிடிக்காமல் விடுகிறார்கள், ரீச்சர்?" என்று கேட்டாள். செலவு அதிகம் என்றேன். "எதற்குச் செலவு?" என்று திருப்பிக் கேட்டாள். நான் சொன்ன பதில் எனக்கே போதவில்லை.

என் அப்பா பரந்தன் இரசாயனத் தொழிற்சாலையில் வேலை செய்தவர். எரிசோடாப் போத்தலைத் திறந்து வைக்காதே, காற்றிலிருக்கிற காபனீரொட்சைட்டை இழுத்துக் காபனேற்றாக மாறிவிடும் என்று வீட்டில் அடிக்கடி சொல்வார். அதாவது பிடிக்கிற வேலையை மூடி திறந்த ஒரு போத்தலே செய்துவிடும். அப்படியென்றால் காசு எங்கே போகிறது? அதை எப்படிக் குறைக்கலாம்? இந்தத் துறையில் இருப்பவர்கள் கணக்கோடு எழுதினால் அப்படியே வகுப்புக்குக் கொண்டுபோவேன்.

வடகடல் (பேர்கன், நோர்வே):
ரீச்சர், நான் முள்ளியவளை. இங்கே ஆலை இயக்குகிற வேலை. உங்கள் பிள்ளை சரியான இடத்தில் கைவைத்திருக்கிறாள்.

பிடிப்பது லேசு, பிடித்ததை விடுவிப்பதுதான் பாரம். சுண்ணாம்புத் தண்ணீரில் வெளுத்ததைத் திரும்பச் சுண்ணாம்பாக்க வேண்டுமானால் சூளையில் போட்டுச் சுட வேண்டும் அல்லவா? ஆலையிலும் அதே கதைதான். அமைன் என்கிற கரைசலை மேலிருந்து மழை போல விடுவார்கள், கீழிருந்து புகை ஏறும். 40 பாகை அளவில் அமைன் காபனீரொட்சைட்டைப் பற்றிக்கொள்ளும். பிறகு அந்தக் கரைசலை இன்னொரு கோபுரத்தில் 120 பாகை வரை சூடாக்கினால் வாயு பிரிந்து வரும், கரைசல் திரும்ப வேலைக்குப் போகும். 1930இலேயே காப்புரிமை பெற்ற முறை இது.

பழைய அமைன் கரைசலில் ஒரு தொன் வாயுவை விடுவிக்க 3.5 முதல் 4 கிகா ஜூல் வரை சூடு வேண்டும். நல்ல நிலக்கரி ஒரு கிலோ எரிந்தால் ஏறத்தாழ 25 மெகா ஜூல் தரும். ஆகவே 3.5 என்று எடுத்தாலே 140 கிலோ நிலக்கரியின் சூடு அதற்கு மட்டும் போகிறது. அப்புறம் அந்த வாயுவை நிலத்துக்கடியில் அனுப்ப, வளிமண்டல அமுக்கத்தைப் போல 100 மடங்குக்கு மேல் அழுத்த இன்னும் 100 அலகு மின்சாரம் வேண்டும். இரண்டையும் சேர்த்தால் ஒரு நிலக்கரி மின்நிலையம் தன் மின்சாரத்தில் ஐந்தில் ஒன்று முதல் நாலில் ஒன்று வரை தனக்கே செலவழித்துவிடும். 300 மெகாவாற் இயந்திரம் 230 அளவில் வந்து நிற்கும்.

குழாய்வழி, கிணறு, கண்காணிப்பு எல்லாம் சேர்ந்தாலும் பெரும்பாலும் மொத்தச் செலவின் சிறிய பங்குதான். பெரிய பங்கு பிரித்தெடுப்பதில் இருக்கிறது. அதனால் விலையைக் குறைக்கிறவர்கள் முதலில் பார்ப்பது அந்தச் சூட்டைத்தான். புதிய கரைசல்கள் 2.5 கிகா ஜூல் அருகே வந்துவிட்டன. நிலக்கரிப் புகையில் 12 முதல் 15 வீதம் காபனீரொட்சைட்டு இருக்கிறது. அதைப் பிரிக்க இயற்கை கேட்கிற ஆகக் குறைந்த சக்தி 0.2 கிகா ஜூல் அளவுதான். நாங்கள் இன்னும் அதற்குப் பத்து மடங்குக்கு மேலே நிற்கிறோம். குறைக்க இடம் நிறைய இருக்கிறது என்று நான் நம்புவது இதனால்தான்.

குளக்கட்டு (கிளிநொச்சி):
சூளை உவமை ஒன்றே போதும், நாளைக்கே சொல்கிறேன். இன்னொன்று. தூத்துக்குடியில் ஒரு ஆலை தொன்னுக்கு 30 டொலரில் பிடிக்கிறது என்று முன்பு வாசித்தேன். அதுவும் அரச உதவி இல்லாமல். அது எப்படி முடிந்தது?

வடகடல் (பேர்கன், நோர்வே):
உண்மைதான், 2016இல் தொடங்கியது. நிலக்கரிக் கொதிகலனின் புகையிலிருந்து வருடத்துக்கு 60,000 தொன் எடுத்துச் சலவைச் சோடா செய்ய என்று அமைத்தார்கள். 30 டொலர் என்பது அதைச் செய்தவர்கள் சொன்ன விலை. கரைசலில் நல்ல முன்னேற்றம், அதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் அந்த விலைக்குள் 100 மடங்கு அழுத்தம் இல்லை, குழாய்வழி இல்லை, கிணறு இல்லை. பிடித்த வாயு அதே வளவுக்குள் பொருளாகிவிடுகிறது. அந்தச் சோடா கண்ணாடி உலைக்குப் போனால் வாயு திரும்பவும் காற்றுக்குத்தான் வரும். ஆகவே புதைக்கிற விலையோடு அதை வைத்து ஒப்பிடக் கூடாது.

கணக்கு (மாங்குளம்):
வங்கியில் வேலை செய்தவன் என்ற முறையில் ஒன்று சொல்ல வேண்டும். எல்லோரும் சூட்டைப் பற்றிக் கதைக்கிறீர்கள். எங்கள் நாட்டில் அதைவிடப் பெரிய செலவு வட்டி.

எளிமைக்காக, ஆயிரம் மில்லியன் டொலர் போட்டு வருடத்துக்கு ஒரு மில்லியன் தொன் பிடிக்கிற ஆலை என்று வையுங்கள். 25 வருடத்தில் கட்டி முடிக்கிற கடன். 5 வீத வட்டி என்றால் வருடத்துக்கு ஏறத்தாழ 71 மில்லியன் கட்ட வேண்டும், தொன்னுக்கு 71 டொலர். 12 வீதம் என்றால் 127 மில்லியன், தொன்னுக்கு 127 டொலர். ஆலை அதே ஆலை, கரைசல் அதே கரைசல். ஒரு தொன்னில் 56 டொலர் வித்தியாசத்தை வட்டி மட்டும் உண்டாக்குகிறது. 2022இல் வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாமல் நின்ற நாடு நாங்கள். எங்களுக்கு யார் 5 வீதத்தில் தருவார்கள்? எந்தப் பொறியியலாளரும் கரைசலை மாற்றி இவ்வளவை ஒரே நாளில் குறைக்க முடியாது. குறைந்த வட்டிக் கடனோ நன்கொடையோ கிடைத்தால் அது நடக்கும்.

இன்னொரு விடயம், நுரைச்சோலையின் முதல் இயந்திரம் 2011இல் ஓடத் தொடங்கியது. இனிமேல் கட்டுகிற பிடிப்பு ஆலைக்கு 25 வருட ஆயுள் கிடைக்காது. 15 வருடத்தில் கட்ட வேண்டுமென்றால் 12 வீதத்தில் வருடத்துக்கு 147 மில்லியன். பழைய ஆலையின் முதுகில் புதுக் கடனை ஏற்றினால் இதுதான் கதை.

மின் கட்டணமாகப் பார்த்தால் இன்னும் விளங்கும். நிலக்கரியில் ஒரு அலகு மின்சாரத்துக்கு ஏறத்தாழ ஒரு கிலோ காபனீரொட்சைட்டு வரும். தொன்னுக்கு 50 டொலர் என்றாலே அலகுக்கு 5 அமெரிக்கச் சதம். டொலர் 300 ரூபா என்று வைத்தால் 15 ரூபா. குழாய்க்கிணற்று மோட்டருக்குக் கட்டணம் கட்ட முடியாமல் சிறுபோகத்தில் வயலைத் தரிசாக விட்டவர்களை எனக்குத் தெரியும். அவர்கள் தலையில் இந்த 15 ரூபாயை வைக்க நான் ஒப்பமாட்டேன்.

ஆழ்துளை (வவுனியா):
முப்பது வருடமாகக் குழாய்க்கிணறு அடிக்கிறேன். நிலத்துக்கடியில் என்றதும் சில பேர் எங்கள் காலடி என்று நினைத்துவிட்டார்கள் போல. வவுனியாவிலோ மாங்குளத்திலோ அதற்கு இடமே இல்லை. எங்கள் கீழே இருப்பது பழைய உருமாறிய கடும்பாறை. புவியியலாளர் அதற்கு வன்னித் தொகுதி என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். அந்தப் பாறைக்குள் துவாரம் கிடையாது, வெடிப்பு மட்டும்தான். வெடிப்பைத் தொட்டால் தண்ணீர், தொடாவிட்டால் தூசு. வாயு வைக்க வேண்டுமானால் கடற்பஞ்சு போலத் துவாரமுள்ள மணற்கல் வேண்டும், அதன் மேல் ஒழுக விடாத களிப்பாறை மூடியாக வேண்டும், அதுவும் 800 மீற்றருக்குக் கீழே. அந்த ஆழத்துக்கு மேலேயுள்ள பாரத்தில் வாயு திரவம் போல இறுகிவிடும். மேலே 500 கன மீற்றருக்கு மேல் இடம் கேட்கிற ஒரு தொன், கீழே இரண்டு கன மீற்றருக்குள் அடங்கும்.

யாழ்ப்பாணம், மன்னார்ப் பக்கத்துச் சுண்ணாம்புக்கல் ஆழமில்லாதது, குகையும் ஓட்டையும் நிறைந்தது, குடிதண்ணீர் அதிலேதான் இருக்கிறது. அதைத் தொடக் கூடாது. முருங்கன் பக்கத்து ஆழ நீரையும் தொடக் கூடாது. மிச்சம் மன்னார்க் கடல்தான். அங்கே அடையற்பாறை கிலோமீற்றர் கணக்கில் கிடக்கிறது. 2011இல் எரிவாயு கண்டதும் அங்கேதான்.

செலவைப் பற்றி என் தொழிலிலிருந்து ஒன்று. கனகராயன்குளப் பக்கம் ஒரு விவசாயிக்கு ஒரு கம்பனி நிலத்தை அளக்காமலே மூன்று துளை போட்டது. மூன்றும் வரண்டது, மூன்றுக்கும் காசு வாங்கினார்கள். அந்த மனுசன் நகையை அடகு வைத்துக் கொடுத்த காசு. பிறகு நான் போய் ஒரு நாள் அளந்து, நாலாவதில் தண்ணீர் கண்டோம். அளக்கிற காசை மிச்சம் பிடிக்கிறவன் துளைக்கிற காசில் இழப்பான். வாயு புதைப்பதிலும் இதுதானே நடந்திருக்க வேண்டும்? வடகடல் தம்பி சொல்லட்டும்.

வடகடல் (பேர்கன், நோர்வே):
ஐயா, நீங்கள் சொன்னதுக்குச் சாட்சி இங்கேயே இருக்கிறது. நோர்வேயில் ஸ்லைப்னர் என்ற கடலடி எரிவாயு வயலில் 1996 முதல், வருடத்துக்கு ஒரு மில்லியன் தொன் வரை புதைத்து வந்திருக்கிறார்கள். மணற்கல் நல்லது, பிரச்சினை வரவில்லை. அதே நாட்டின் வடக்கே ஸ்னோவிட்டில் 2008இல் தொடங்கினார்கள், அமுக்கம் நினைத்ததை விட வேகமாக ஏறிவிட்டது. வேறு பாறைப் படைக்கு மாற்ற வேண்டி வந்தது. அல்ஜீரியாவின் இன் சலாவில் நிலமே சில சென்ரிமீற்றர் மேலெழும்பியதைச் செய்மதி காட்டியது, 2011இல் நிறுத்தினார்கள். அவுஸ்திரேலியாவின் கோர்கன் 2019இல் தொடங்கி இலக்கை எட்டாமல் இருக்கிறது. பாறையைச் சரியாக அறியாவிட்டால், மேலே கட்டிய விலை கூடிய ஆலை பாதி வேலைதான் செய்யும். தொன் கணக்கு குறைந்தால் தொன்னின் விலை ஏறும்.

ஆகவே புதைக்கும் பங்கு சிறியது என்று நான் முதலில் எழுதியது நல்ல பாறைக்கு மட்டும்தான் பொருந்தும். அதைத் திருத்திக்கொள்கிறேன்.

மன்னாரில் ஒரு வசதியும் ஒரு கஷ்டமும் இருக்கிறது. எரிவாயு தேடியபோதே ஒலியலை விட்டுக் கடலடியைப் படம் எடுத்துவிட்டார்கள், அந்தத் தரவு இருக்கிறது. அது பெரிய மிச்சம். கஷ்டம் கடலின் ஆழம். முதலாவதாக எரிவாயு கண்ட இடத்தில் தண்ணீரே 1300 மீற்றருக்கு மேல். ஸ்லைப்னரில் 80 மீற்றர் அளவுதான். ஆழ்கடலில் ஒரு கிணறு என்பது வேறு விலை.

பேசாலைக்கரை (மன்னார்):
எல்லோரும் பாறையையும் வட்டியையும் கதைக்கிறீர்கள். அந்தக் கடலில் வலை போடுகிற ஆட்களை ஒருவரும் எழுதவில்லை. எங்கள் வீட்டில் மூன்று பேர் கடலுக்குப் போகிறார்கள்.

எங்கள் ஊரில் 1970களில் சோவியத் உதவியோடு எண்ணெய் தேடித் துளைத்தார்கள் என்று அப்பப்பா சொல்வார். அப்படிப்பட்ட பழைய கிணறுகள் வழியாக வாயு மேலே வராது என்று யார் பொறுப்பு எடுப்பது? கண்காணிப்புச் செலவைக் குறைக்கலாம் என்று யாராவது சொன்னால் எனக்குப் பயம்தான் வரும். பழைய கிணற்றுக்குள் இறங்க முதல் கயிற்றில் விளக்கை இறக்கிப் பார்க்கிற பழக்கம் எங்களுக்கு இருக்கிறது. விளக்கு அணைந்தால் ஒருவரும் இறங்கக் கூடாது. காபனீரொட்சைட்டு காற்றை விடப் பாரம், தாழ்ந்த இடத்தில் தங்கும்.

வடகடல் (பேர்கன், நோர்வே):
அக்கா, உங்கள் பயம் நியாயம். 2020இல் அமெரிக்காவின் மிசிசிப்பியில் சத்தார்ஷியா என்ற ஊருக்குப் பக்கத்தில் குழாய்வழி உடைந்தது. பெருமழையில் மண் சரிந்ததுதான் காரணம். வாயு பள்ளத்தில் தங்கி, வாகன எஞ்சின்கூட நின்றுபோய், 45 பேர் அளவில் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். ஆபத்து கூடிய இடம் தரையில் ஊர் பக்கத்தால் போகிற குழாய். ஆழ மணற்கல்லில் இறங்கிய வாயு வருடம் போகப் போக உப்புநீரில் கரையும், ஒரு பகுதி துவாரங்களில் சிக்கும். ஐஸ்லாந்தில் எரிமலைக் கருங்கல்லுக்குள் தண்ணீரோடு சேர்த்து இறக்கினார்கள், இரண்டு வருடத்துக்குள் 95 வீதம் கல்லாகிவிட்டது என்று 2016இல் எழுதினார்கள். கல்லானபின் கண்காணிக்கவும் பெரிதாக ஒன்றுமில்லை. ஆனால் ஒரு தொன் வாயுவுக்கு 20 தொன்னுக்கு மேல் தண்ணீர் வேண்டும்.

குழாய் மூடியிலும் பழைய கிணற்றைத் தேடி அடைப்பதிலும் காசு மிச்சம் பிடிக்கவே கூடாது என்பதில் நான் உங்கள் பக்கம்.

பேசாலைக்கரை (மன்னார்):
நன்றி தம்பி. திட்டம் வருமென்றால் முதல் கூட்டம் கரையில் நடக்க வேண்டும். எங்களிடம் கேட்காமல் தொடங்கி, பிறகு நிறுத்தி, பிறகு நீதிமன்றம் போய் வருகிற தாமதமும் அந்த வட்டிக் கணக்கில் ஏறும்தானே.

கணக்கு (மாங்குளம்):
ஏறும் அக்கா. கட்டுமானம் இரண்டு வருடம் நின்றால் 12 வீதத்தில் போட்ட காசுக்கு நாலில் ஒன்று கூடிவிடும்.

ஆழ்துளை (வவுனியா):
அப்போ எதில் தொடங்குவது? நுரைச்சோலையை விட்டுவிடலாம் என்றுதான் எனக்குப் படுகிறது.

குளக்கட்டு (கிளிநொச்சி):
புகையில் 12 வீதம் இருப்பதைப் பிரிக்க இவ்வளவு செலவு என்றால், கலப்பே இல்லாமல் வருகிற இடம் எது என்று தேடினேன். முட்டியில் நுரைக்கிற கள்ளு! நொதிக்கும்போது வருவது அநேகமாகத் தூய காபனீரொட்சைட்டு. அதைப் பிரிக்கத் தேவையே இல்லை, காயவைத்து அழுத்தினால் போதும். அமெரிக்காவின் இலினோயில் சோளத்திலிருந்து எதனோல் வடிக்கிற ஆலையில் இதைத்தான் செய்தார்கள். 2011 முதல் 2014 வரை ஒரு மில்லியன் தொன்னை மணற்கல்லுக்குள் இறக்கினார்கள்.

வடகடல் (பேர்கன், நோர்வே):
மலிவான தொன்கள் அவைதான் ரீச்சர். எங்கள் ஊர் வடிசாலைகள் அதற்குச் சிறியவை, ஒரு கிணற்றின் செலவைத் தாங்காது. ஆனால் உலகம் போக வேண்டிய ஒழுங்கு அதுதான். முதலில் நொதிப்பும் அமோனியாவும் எரிவாயுச் சுத்திகரிப்பும், அப்புறம் சீமெந்து, கடைசியாகத்தான் காற்று. காற்றில் 0.042 வீதம்தான் இருக்கிறது.

சீமெந்தை நான் தனியாகச் சொல்லக் காரணம், அதன் வாயுவில் 60 வீதம் அளவு சுண்ணாம்புக்கல்லிலிருந்தே வருகிறது. காற்றாலை பூட்டினாலும் அது நிற்காது. நிலக்கரிக்குப் பதிலாக மன்னார்க் காற்று இருக்கிறது, சீமெந்துக்கு அப்படி ஒன்று இல்லை. நோர்வேயின் பிரேவிக் சீமெந்து ஆலையில் 2025இல் திறந்தார்கள், வருடத்துக்கு 400,000 தொன். ஆலையின் வீண்சூட்டையே அமைனைச் சூடாக்கப் பாவிக்கிறார்கள். செலவு குறைய அது ஒரு முக்கிய காரணம். வாயுவைக் குளிர்த்தித் திரவமாக்கிக் கப்பலில் எங்கள் பக்கத்து ஒய்கார்டனுக்குக் கொண்டுவந்து, 100 கிலோமீற்றர் குழாயில் அனுப்பிக் கடலடியிலிருந்து 2600 மீற்றர் கீழே இறக்குகிறார்கள். குழாயைத் தேவைக்கு மேல் பெரிதாகப் போட்டார்கள். விட்டம் இரண்டு மடங்கானால் கொள்ளளவு நாலு மடங்கு, செலவு அப்படி ஏறாது. அடுத்து வருகிற ஆலைகள் அதே குழாயைப் பகிரும்.

இதற்கு மொத்தம் 25 பில்லியன் குரோனர் அளவில் கணக்கிட்டு, மூன்றில் இரண்டு பங்கை அரசாங்கம் பொறுத்தது. கணக்கு அண்ணை சொன்ன வட்டிப் பிரச்சினையை இவர்கள் தீர்த்த விதம் அதுதான். பணக்கார நாடு முதல் ஆலையின் நட்டத்தைத் தாங்கினால் பத்தாவது ஆலை எங்களுக்கு மலிவாக வரும். கனடாவின் பௌண்டரி டாம் 2014இல் தொடங்கியபோது சாம்பல் அடைப்பும் அமைன் கெடுவதும் என்று நிறையப் பட்டார்கள். அந்த அனுபவத்தை வைத்து அடுத்த ஆலைக்கு 2018இல் போட்ட கணக்கு தொன்னுக்கு 45 டொலருக்கு இறங்கியது, கட்டுமானச் செலவு 67 வீதம் குறைவு. அந்த ஆலையைக் கட்டவில்லை என்பது வேறு விடயம்.

உமிக்கரி (பரந்தன்):
அரிசி ஆலை வைத்திருக்கிறேன். இவ்வளவும் வாசித்தபின் என் கணக்கையும் போடுகிறேன், பிழையென்றால் திருத்துங்கள். ஒரு தொன் நெல்லுக்கு 200 கிலோ அளவு உமி வரும். காற்று குறைவாக விட்டுச் சுட்டால் அதில் மூன்றில் ஒன்று கரியாக நிற்கும், 70 கிலோ. அதில் பாதிக்குக் கிட்டச் சாம்பல்தான், மிச்சம் காபன். வயலில் கிடந்து உக்கிப்போவதையும் கழித்தால், ஒரு தொன் நெல்லில் 100 கிலோ காபனீரொட்சைட்டு நிலத்துக்குள் போகிறது. நெற்பயிரே காற்றிலிருந்து பிரித்துத் தந்துவிட்டது. அமைன் இல்லை, அழுத்தம் இல்லை, ஆழ்கிணறு இல்லை.

வடகடல் (பேர்கன், நோர்வே):
கணக்கு ஏறத்தாழச் சரி. இரண்டு கேள்வி. புழுங்கலுக்கு நெல் அவிக்கிற கொதிகலனுக்கு உமிதானே விறகு? அதைக் கரியாக்கினால் கொதிகலனுக்கு எதை எரிப்பீர்கள்? காட்டு விறகு என்றால் போட்டதை விடக் கூட எடுத்துவிடுவோம். இரண்டாவது, மண்ணிலிருக்கிற கரி பாறைக்குள் போன வாயு போல ஆயிரக்கணக்கான வருடம் அப்படியே நிற்காது, ஒரு பங்கு திரும்பும்.

உமிக்கரி (பரந்தன்):
நியாயம். எல்லா உமியும் எரிவதில்லை. காலபோக அறுவடை முடிந்த மாதங்களில் ஆலைக்குப் பின்னால் மலைபோலக் குவிந்து, கடைசியில் சும்மா நெருப்பு வைப்பார்கள். அந்தக் குவியலை மட்டும்தான் நான் சொல்கிறேன். கரி சுடுகிற சூட்டையே நெல் அவிக்கத் திருப்பலாமா என்றும் பார்க்க ஆசை. உங்கள் சீமெந்து ஆலையில் வீண்சூட்டைப் பாவிக்கிறார்கள் என்றீர்களே, அது மனதில் நிற்கிறது.

கணக்கு (மாங்குளம்):
கரிச்சூளைக்கு ஆயிரம் மில்லியன் வேண்டாம். கூட்டுறவுக் கடனே போதும். நுரைச்சோலையின் ஒரு இயந்திரம் முழுதாக ஓடினால் ஒரு மணித்தியாலத்தில் 300 தொன் விடும். உங்கள் கணக்கில் அதற்கு 3000 தொன் நெல் வேண்டும். அளவில் ஈடாகாது, அதையும் மறைக்கக் கூடாது.

குளக்கட்டு (கிளிநொச்சி):
மறைக்க மாட்டேன். வகுப்பில் இரண்டையும் பலகையில் எழுதுவேன். பிள்ளைகள் உமியை நிறுத்து, சுட்டு, கரியை நிறுத்து, சாம்பலைப் பிரித்து அந்த 100 கிலோ சரியா என்று தாங்களே பார்க்கட்டும். உமிக்கரி அண்ணை, இரண்டு மூடை உமி தருவீர்களா? பள்ளிக்கூடத் தராசு 2 கிலோவுக்கு மேல் தாங்காது.

உமிக்கரி (பரந்தன்):
சனிக்கிழமை காலமை வாங்கோ ரீச்சர். மூடைகளை ஆலை வாசலில் கட்டி வைக்கிறேன். நெல் நிறுக்கிற தராசும் இங்கே இருக்கிறது.

ஆழ்துளை (வவுனியா):
பழைய உறைகுழாய்த் துண்டொன்று என்னிடம் கிடக்கிறது, கால் மீற்றர் விட்டம். அடியை மூடி வெட்டித் தந்தால் சின்னச் சூளையாகப் பாவிக்கலாம். சனிக்கிழமை பரந்தன் பக்கம் வேலை இருக்கிறது, கொண்டுவருகிறேன்.